எல்லையோர மருத்துவமனைக்குத் தமிழ் அறிந்த ஆலோசகர் வேண்டும்
(கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை நூலகக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய பஞ்சாயத்துத் தலைவர் அவர்களே, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அவர்களே, லாரி ஓட்டுநர் சங்கப் பொறுப்பாளர்களே, வீடு வீடாக ஏறி இறங்கிய களைப்போடும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் ஆஷா பணியாளர்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம். பலரும் பேசத் தயங்கும் பொருளுக்கு மேடை தந்த நூலகக் குழுவினருக்கு என் தனி நன்றி.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். பால்வினை நோய்க்கு ஆணுறையே அணை. ஆணுறையைத் தவறாமல் அணியாதது ஏன், அணிந்தும் நோய் வருவது ஏன், கணவனோடு மனைவிக்கும் சிகிச்சை ஏன் என்னும் மூன்றையும் சொல்ல வந்தேன்.

அரசின் நிரோத் ஆணுறை 1968இலேயே வந்துவிட்டது. 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட பின் ஆணுறை விளம்பரம் ஏறாத சுவர் இல்லை. ஆயினும் பால்வினை நோய்ப் பிரிவுக்கு வருபவரிடம் "ஒவ்வொரு முறையுமா?" என்று கேட்டால்தான், குடித்த இரவிலும் பழகிய பெண்ணிடமும் அதை விட்டுவிட்ட செய்தி வெளிவரும்.

நம் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவரின் கதையைக் கேளுங்கள். வாளையார் எல்லைச் சோதனைச் சாவடியில் லாரிகள் நாள்கணக்கில் காத்துக்கிடந்த காலம் அது. சிறுநீர்த் தாரையில் எரிச்சலும் சீழுமாக மருத்துவமனைக்குப் போனார். ஆலோசகர் மர மாதிரியில் ஆணுறையை மாட்டிக் காட்டி, மலையாளத்தில் விரிவாகவே விளக்கினார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மருந்தில் குணமானவர், சில மாதங்களில் அதே சீழோடு திரும்பினார். "உறை போட்டேனே சார், கிழிந்துபோகிறதே!" என்று அழாத குறையாகச் சொன்னார். தமிழ் தெரிந்த செவிலியர் ஒருவர் அருகில் அமர்ந்து பொறுமையாக விசாரித்தபோதுதான், வழுவழுப்புக்காக அவர் தேங்காய் எண்ணெய் தடவியது தெரிந்தது. எண்ணெய் பட்ட லேடெக்ஸ் நைந்துபோகும். தண்ணீரில் கரையும் ஜெல்லே ஏற்றது. அந்த ஒரு வாக்கியம் முதல் நாளே தமிழில் அவர் காதில் விழுந்திருக்க வேண்டாமா?

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்றால், அணை கட்டும் முறையைக் கட்டுபவனுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இலேயே தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுத உரிமை தந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமோ, விவரம் அறிந்து தரும் ஒப்புதல் இன்றிப் பரிசோதிக்கக் கூடாது என்கிறது. புரியாத மொழியில் கேட்டுத் தலையாட்டியதை அப்படிப்பட்ட ஒப்புதலாக நான் ஏற்கமாட்டேன்.

மனைவிக்கும் சேர்த்துச் சிகிச்சை பெறாவிட்டால் நோய் மீண்டும் கணவனிடமே திரும்பும். இதை மருத்துவர் விளக்குவார். நம் பகுதி மருத்துவமனைகளில் தமிழ் அறிந்த ஆலோசகரை அமர்த்தவும், ஆணுறைக் கையேட்டைத் தமிழில் அச்சிடவும் கோரும் மனு வாசலருகே மேசையில் உள்ளது. ஆண்களும் பெண்களும் கையெழுத்திட்டுச் செல்லுமாறு வேண்டுகிறேன். வரும் வாரமே அதை மாவட்ட மருத்துவ அலுவலரிடம் நேரில் கொடுக்கிறோம்.