சபாநாயகர் ஓட்டுப் போட்டிருந்தால் வாஜ்பாய் ஆட்சி பிழைத்திருக்குமா?

வணக்கம். திருச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "1999இல் வாஜ்பாய் ஆட்சி ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது. அப்போது சபாநாயகர் பாலயோகி, ஆட்சியை ஆதரித்த தெலுங்கு தேசம் கட்சிக்காரர்தானே? அவர் ஓட்டுப் போட்டிருந்தால் ஆட்சி தப்பித்திருக்காதா?" நல்ல கேள்வி, ஆனால் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது.

அன்று ஆதரவு 269, எதிர்ப்பு 270. பாலயோகி ஆதரவாகப் போட்டாலும் 270க்கு 270 என்றுதான் வரும். அது வெற்றி இல்லை, சமநிலை. அதுவும் அவரால் போட முடியாது. அரசியல் சட்டம் 100ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: சபாநாயகர் முதலில் ஓட்டுப் போடக் கூடாது, இரண்டு பக்கமும் சமமாக வந்தால் மட்டுமே போட வேண்டும். அதைத்தான் காஸ்டிங் ஓட்டு என்கிறோம். 269க்கு 270 சமம் இல்லை. எனவே அவர் வேடிக்கைதான் பார்க்க முடிந்தது.

இது எப்படி வந்தது என்று புரிய 12ஆவது மக்களவை எப்படி அமைந்தது என்று பார்க்க வேண்டும். 1998 தேர்தலில் பாஜக 182, காங்கிரஸ் 141, மார்க்சிஸ்ட் 32. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அதிமுகவுக்கு 18 இடம்; அந்தப் பதினெட்டு பேர்தான் அப்போது டெல்லியையே ஆட்டி வைத்தார்கள். தெலுங்கு தேசத்துக்கு 12. அதுவரை ஐக்கிய முன்னணியில் இருந்த சந்திரபாபு நாயுடு ஆதரவு தர முன்வந்தார், சபாநாயகர் நாற்காலி அவர் கட்சிக்குப் போனது. அமலாபுரம் எம்.பி. பாலயோகி 1998 மார்ச் 24 அன்று சபாநாயகர் ஆனார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் தலித் அவர்தான். நான்கு நாள் கழித்து நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் வாஜ்பாய் 274க்கு 261 என்று ஜெயித்தார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பாலயோகியை நாற்காலியில் உட்கார வைத்த அன்றே ஆட்சிக்கு ஒரு ஓட்டு குறைந்துவிட்டது. தெலுங்கு தேசத்தின் 12, ஓட்டெடுப்பில் 11தான். ஒரு பேச்சுக்கு, எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் சபாநாயகராக இருந்திருந்தால்? பாலயோகி கீழே உட்கார்ந்து பச்சைப் பட்டனை அழுத்தியிருப்பார், அந்தப் பக்கம் ஒன்று குறைந்திருக்கும். 270க்கு 269! தம்பி கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, 1999 ஏப்ரலுக்கு வருவோம். ஜெயலலிதா ஆதரவை வாபஸ் வாங்கினார். குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன் பெரும்பான்மையை நிரூபிக்கச் சொன்னார். 17ஆம் தேதி ஓட்டெடுப்பு. திமுகவின் 6 பேரும் வாஜ்பாய்க்குத்தான் போட்டார்கள், அது வேறு கதை. தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸ் கட்சிக் கட்டளையை மீறி எதிர்த்துப் போட்டார். மாயாவதி கட்சியின் 5 பேரும் எதிர்த்தே போட்டார்கள்.

அப்புறம் காங்கிரஸின் கிரிதர் கமாங். பிப்ரவரியிலேயே ஒடிசா முதல்வர் ஆகிவிட்டார், ஆனால் கோராபுட் எம்.பி. பதவியை இன்னும் ராஜினாமா செய்யவில்லை. மாநில முதல்வர் இங்கே வந்து ஓட்டுப் போடலாமா என்று ஆளுங்கட்சிக்காரர்கள் கொதித்தார்கள். சட்டப்படி தடை இல்லை. பாலயோகி அதை அவருடைய மனசாட்சிக்கே விட்டுவிட்டார். கமாங் எதிர்த்துப் போட்டார்.

அன்று கமாங் மட்டும் வராமல் இருந்திருந்தால் 269க்கு 269. அப்போதுதான் பாலயோகிக்கு ஓட்டு வந்திருக்கும். அவர் எந்தப் பக்கம் போட்டிருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆக, கமாங் ஓட்டுப் போடலாமா என்று சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவரும், கமாங் வராவிட்டால் ஆட்சியைக் காப்பாற்றியிருக்கக்கூடியவரும் ஒரே ஆள்!

சோனியா காந்தியால் மாற்று அரசு அமைக்க முடியவில்லை, முலாயம் சிங் கை விரித்துவிட்டார். ஏப்ரல் 26 அன்று அவை கலைந்தது. அவை கலைந்தாலும் சபாநாயகர் பதவி உடனே போய்விடாது, புதிய அவை முதன்முதலாகக் கூடும் வரை நீடிக்கும். அதனால் கார்கில் போர் நடந்தபோதும் பாலயோகிதான் சபாநாயகர்.

அக்டோபரில் மறுபடியும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். இந்த முறை தெலுங்கு தேசத்தையும் சேர்த்து ஆட்சிக்கு ஏறக்குறைய 300 பேர் இருந்தார்கள், நாற்காலிக்குப் போன அந்த ஒரு ஓட்டை யாரும் தேடவில்லை.