கடல் கடந்து போய் ஆண்டவர்

ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம். காரைக்குடி மேடையில் நியூசிலாந்து அரசியல் எதற்கு என்று கேட்காதீர்கள். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போனவர்களின் ஊர் இது. கடல் கடந்து போய் நாட்டையே ஆண்ட ஒருவரின் கதை இங்கே எடுபடாமல் வேறு எங்கே எடுபடும்?

ரிச்சர்ட் செடன் 1845இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்தார். படிப்பு ஏறவில்லை. 1863இல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி, மெல்போர்ன் பக்கம் வில்லியம்ஸ்டவுன் ரயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அப்புறம் தங்கம் தேடும் ஆசை. 1866இல் நியூசிலாந்தின் மேற்குக் கரைக்குப் போனார். கடை வைத்தார், மதுக்கடை நடத்தினார், 1879இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். 1893 முதல் 1906இல் சாகும்வரை பிரதமர் அவர்தான். அங்கே இன்றுவரை அவ்வளவு காலம் யாரும் அந்தப் பதவியில் இருந்ததில்லை.

1893இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்கும் மசோதா மேலவைக்கு வந்தது. செடனுக்கு அது பிடிக்கவில்லை. தன் கட்சி உறுப்பினர் ஒருவருக்குத் தந்தி கொடுத்து வாக்கை மாற்றச் சொன்னார். இந்தக் குறுக்கு வேலையைப் பார்த்துக் கொதித்த எதிரணிக்காரர் இருவர், அதுவரை மசோதாவை எதிர்த்தவர்கள், வேண்டுமென்றே ஆதரித்து வாக்களித்துவிட்டார்கள். 20க்கு 18. மசோதா நிறைவேறியது! அவர் கொடுத்த தந்தியே அவருக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

நல்லதும் செய்தார். 1898இல் முதியோர் ஓய்வூதியம் கொண்டுவந்தார். 65 வயதான ஏழைகளுக்கு ஆண்டுக்கு 18 பவுண்டு வரை. ஆனால் சீனர்களுக்கும் மற்ற ஆசியர்களுக்கும் கிடையாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். நம் செட்டியார் ஒருவர் அங்கே குடியேறி மூப்படைந்திருந்தாலும் சல்லிக்காசு கிடைத்திருக்காது.

சீனர்களும் அதே தங்கத்தைத் தேடி அங்கே போனவர்கள்தான். அவர்கள் நியூசிலாந்துக்குள் வர ஆளுக்கு 10 பவுண்டாக இருந்த தலைவரியை 1896இல் செடன் அரசு 100 பவுண்டாக்கியது. கப்பலின் 200 டன்னுக்கு ஒரு சீனர்தான் வரலாம் என்றும் கட்டுப்பாடு போட்டது. தானும் வந்தேறிதான் என்பது அந்த மனிதருக்கு ஒருநாளும் உறைக்கவில்லை; எனக்கு அவர்மேல் உள்ள கோபம் இதுதான். 1960களில் ரங்கூனிலிருந்து வெறுங்கையோடு வந்து இறங்கியவர்களின் பிள்ளைகள் இந்தச் சபையிலேயே இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தலைவரிச் சட்டத்தை 1944இல்தான் நீக்கினார்கள். 2002இல் அரசு சார்பில் சீனர்களிடம் மன்னிப்புக் கேட்டவர் பிரதமர் ஹெலன் கிளார்க். ஆமாம் ஆச்சி, பெண்தான்.