மேட்டு முற்றத்தில் ஏழு, கீழ் வயலில் இரண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

நீலகிரியில், ஒரு ஹட்டியை, அதாவது படுகர் ஊரை, ஒட்டிய ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் நான் தலைமையாசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகள் 19 பேர், ஆசிரியர்கள் இரண்டு பேர். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை இரண்டே அறைகளில் நடக்கிறது. இந்தப் பனிக்காலத்தில் எங்கள் பள்ளி எப்படி இருந்தது என்று சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெரிய செய்தி எதுவும் இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

இங்கே நவம்பரில் நீர்ப்பனி தொடங்கும். டிசம்பர் பாதிக்கு மேல் உறைபனி. ஜனவரி முழுக்க விட்டு விட்டு விழும். சமவெளியில் இருக்கிறவர்களுக்கு இது புகைப்படத்தில் பார்க்க அழகாக இருக்கும். கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டிருக்கிற வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அது வேறு மாதிரி. ராத்திரி வானம் மேகமில்லாமல் பளிச்சென்று இருந்து, காற்றும் அடங்கிவிட்டால் வீட்டில் பெரியவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். விடிந்ததும் தேயிலைக் கொழுந்து கருகியிருக்குமோ என்ற கவலை. காய்ந்த புல்லையும் பெரணியையும் வெட்டி வந்து செடிகளை மூடுவார்கள். மறுநாள் காலை பள்ளிக்கு வருகிற பிள்ளை, வீட்டுப்பாடம் ஏன் எழுதவில்லை என்றால், "செடி மூடப் போனேன் டீச்சர்" என்று சொல்லும். அந்தப் பதிலுக்கு மேல் நான் எதுவும் கேட்பதில்லை.

டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை, நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் கையில் ஒரு வட்டமான கண்ணாடிச் சில்லு மாதிரி ஏதோ கொண்டுவந்தான். கீழ் வயலில் இருந்த வாளியில் மேலாக உறைந்திருந்த தண்ணீர். கை சிவந்து போயிருந்தது, விடவும் மாட்டேன் என்கிறான். மேசைமேல் வைத்தோம். எல்லாரும் சுற்றி நின்று அது உருகுவதைப் பார்த்தோம். அப்போது அவன் கேட்டான்: "நம்ம பள்ளிக்கூடத்துத் தொட்டி ஏன் டீச்சர் உறையல?"

நல்ல கேள்வி. அன்றைக்குப் பாடத்தை மூடி வைத்துவிட்டு, பள்ளியில் இருந்த வெப்பமானியை எடுத்தோம். மறுநாளிலிருந்து முறை போட்டுக்கொண்டு, காலையில் முதலில் வருகிறவர்கள் பள்ளி முற்றத்தில் ஒரு தடவை, நூறடி கீழே இருக்கிற வயலோரத்தில் ஒரு தடவை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். சிறியவர்கள் போகிற நாளில் நானோ அடுத்த ஆசிரியரோ கூடப் போவோம்.

பல நாள் மேட்டில் ஏழு, கீழே இரண்டு. மேட்டில் ஆறு, கீழே ஒன்று. இரண்டுக்கும் நடந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கிவிடும் என்று விளக்கினேன். உதகையிலும் தலைகுந்தா, குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்ந்த புல்வெளிகளில்தான் பனி வெள்ளையாகப் படிகிறது, மேட்டில் இருக்கிற வீட்டு வாசலில் அவ்வளவு இல்லை. மேகம் இருக்கிற ராத்திரியில் பனி விழாததையும் அவர்களே நோட்டைப் புரட்டிக் கண்டுபிடித்தார்கள். மேகம் போர்வை மாதிரி, தரையின் சூடு மேலே போய்விடாமல் தடுத்துக்கொள்கிறது.

அப்புறம் இன்னொரு கேள்வி வந்தது. வெப்பமானி இரண்டு டிகிரி காட்டுகிறதே, புல்லில் எப்படிப் பனி உறைந்தது? அவர்கள் வெப்பமானியை நெஞ்சளவு உயரத்தில் பிடித்திருந்தார்கள். குனிந்து அதைப் புல்லின் மேலேயே படுக்க வைத்துக் காத்திருந்தோம். கோடு மெல்ல இறங்கியது. பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே போனதும் ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுப் பாட்டி வெளியே வந்துவிட்டார்.

அதே வெப்பமானி சமையலறைக்கும் போனது. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தபோது எங்கள் பள்ளிக்கும் வந்தது. சுய உதவிக் குழுவைச் சேர்ந்த அக்கா விடியும் முன்பே வந்துவிடுவார். எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2000 மீட்டர் உயரம். தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்று புத்தகத்தில் படித்தவர்கள், எங்கள் அடுப்பில் அது 93-இலேயே தளதளவென்று கொதிப்பதைப் பார்த்தார்கள். "அதனாலதான் பருப்பு வேக இவ்வளவு நேரமாகுதா!" என்றார் அக்கா. இத்தனை வருடமாகப் பருப்புக் கடைக்காரரைத்தான் அவர் குறை சொல்லிக்கொண்டிருந்தாராம். காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும் என்பதை அந்த வாரம் எங்கள் பிள்ளைகளைவிட அவர்தான் அதிகம் பேரிடம் சொல்லியிருப்பார்.

சூடான பொங்கல் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உடனே சாப்பிடாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் விரல் சூடேற வேண்டும். அப்புறம்தான் வயிறு. இந்தத் திட்டம் வரும் முன்பு, தோட்ட வேலைக்கு அம்மா ஏழு மணிக்கே கிளம்பிவிடுகிற வீடுகளிலிருந்து வெறும் கறுப்புத் தேநீரோடு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஜனவரி மாதத்தில் அவர்களால் பென்சிலைப் பிடிக்கவே முடியாது.

பத்து மணி வரை வகுப்பு வெளியில்தான். கிழக்குச் சுவரோரம் வெயில் விழும் இடத்தில் பாய் விரித்து உட்காருவோம். வெயில் நகர நகர நாங்களும் பாயோடு நகர்வோம். அரசு தருகிற கம்பளிச் சட்டை எல்லாரிடமும் இருக்கிறது. உதடும் கன்னமும் வெடிப்பதற்குத்தான் தேங்காய் எண்ணெய் பாட்டில் ஒன்று ஜன்னலில் வைத்திருக்கிறேன். அதுவும் வெள்ளைக் கட்டியாக உறைந்துவிடும். ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று அந்தப் பாட்டிலைத் தன் சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இளகியதும் வரிசையாக எல்லார் கையிலும் ஊற்றுவது அதன் வேலை. யாரும் சொல்லித் தந்ததில்லை.

கரடிச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன், ஊருக்குள் ஏற்கெனவே தெரிந்ததுதான். அரையாண்டு விடுமுறையில் ஒரு ராத்திரி சமையலறைக் கதவை உடைத்து, எண்ணெயைக் குடித்துவிட்டுப் போய்விட்டது. மலையில் கரடிக்கு எண்ணெயும் வெல்லமும் எங்கே இருக்கும் என்பது நன்றாகத் தெரியும். பிள்ளைகள் யாரும் இல்லாத நேரம் என்பதால் நிம்மதி. பெற்றோர்கள் சேர்ந்து பழைய மரக்கதவுக்குத் தகரம் அடித்துக் கொடுத்தார்கள். இப்போது எண்ணெயை ராத்திரி அங்கே வைப்பதில்லை.

கரடியும் காட்டெருமையும் தேயிலைக்குள் நிற்கிற ஊரில், மூடுபனி இறங்கிய காலை நேரத்தில் ஐந்து வயதுக் குழந்தை எவ்வளவு தூரம் நடக்கலாம்? இதை நான் அடிக்கடி யோசிக்கிறேன். கல்வி உரிமைச் சட்ட விதிகள், தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. எங்கள் ஊரில் அந்த ஒரு கிலோமீட்டர் என்றால் ஒரு சரிவும், ஓர் ஓடையும், ஆள் உயரத் தேயிலையும். எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது என்பது உண்மை. பச்சைத் தேயிலை விலையை நம்பி இருக்க முடியாமல் இளம் குடும்பங்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். போன வருடம் ஐந்து பிள்ளைகள் அப்படிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மிச்சம் இருக்கிற 19 பேருக்கு இந்தப் பள்ளி பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஐந்து டிகிரி வித்தியாசம் இருக்கிற ஊரில் தூரத்தை வரைபடத்தில் மட்டும் அளக்கக் கூடாது.

அந்த 19 பேரில் மூன்று பேர் ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள். அதில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஜூனில் வந்தபோது ஒரு வார்த்தை தமிழ் பேசமாட்டாள். எங்கள் பிள்ளைகள் வீட்டில் படுகு பேசுகிறவர்கள். அவர்களுக்கும் ஒன்றாம் வகுப்பில் தமிழ் புதிதுதான். நாம் பால் என்பதை அவர்கள் ஹாலு என்பார்கள், பல்லை ஹல்லு என்பார்கள். அதனால் புதிதாக வந்தவளிடம் அவர்களுக்குப் பொறுமை அதிகம்.

முதல் உறைபனி விழுந்த காலையில் அவள் வயலைப் பார்த்து, "பாலா! பாலா!" என்றாள். மற்றவர்கள் ஹாலைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தார்கள். வயல் முழுக்கப் பால் ஊற்றினது மாதிரி இருக்கு, சரியாத்தான் சொல்றா என்று ஒருவன் எனக்கே விளக்கினான். இந்தியில் உறைபனிக்குப் பாலா என்றுதான் பெயர். அதைச் சொன்னதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இந்தப் பள்ளியில் அவளுக்குத் தெரிந்த ஒரு வார்த்தை எல்லாருக்கும் தேவைப்பட்டது அன்றைக்குத்தான். அன்றிலிருந்து எங்கள் நோட்டில் உறைபனிப் பத்தியின் தலைப்பு 'பாலா' என்றே இருக்கிறது. நான் மாற்றவில்லை.

ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்தி ஊரே திரண்டபோது அவளும் அவள் தம்பியும் வந்திருந்தார்கள். யாரோ தம்பி தலையில் வெள்ளைத் துண்டை முண்டாசாகக் கட்டிவிட்டிருந்தார்கள். மூன்றாம் பருவப் புத்தகங்கள் ஜனவரியில் பள்ளி திறந்த அன்றே வந்துவிட்டன. அவள் தன் புத்தகத்துக்குத் தானே அட்டை போட்டு, பெயரைத் தமிழில் எழுதினாள்.

ஜூன் சேர்க்கைக்கு எங்கள் ஊரில் ஐந்து வயது நிரம்புகிறவர்கள் நான்கு பேர். அந்த நான்கு வீட்டுக்கும் போய்ப் பேசியிருக்கிறேன். இரண்டு வீட்டில் சரி என்றார்கள். மற்ற இரண்டு வீட்டாரும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், ஒருநாள் காலை எட்டரைக்கு வாருங்கள், வெயிலில் பாயில் உட்கார்ந்து பேசலாம்.

இன்று காலை நோட்டு எழுதும் முறை அவளுடையது. எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கிறேன்: "மேடு 9. வயல் 6. மேகம் இருக்கு. பாலா இல்லை."

வணக்கம்.