ஒரு கட்டத்துக்கு அத்தனை கூட்டாளிங்க

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி கேக்குதுங்களா? சரி.

ஒரு போன் காலோட ஆரம்பிக்கிறேன். 1990ல அமெரிக்காவுல சென்சஸ். ஜார்ஜியா மாநிலத்துல சூசன் கிரஹாம்னு ஒரு அம்மா, அவங்க வெள்ளைக்காரங்க, வீட்டுக்காரர் கறுப்பர். பிள்ளைங்களுக்கு இனம்னு ஒரே ஒரு கட்டத்தைத்தான் டிக் பண்ணணும், எதைப் பண்றதுன்னு சென்சஸ் ஆபீஸுக்கே போன் போட்டாங்க. அம்மாவோட இனத்தைப் போடுங்கன்னு பதில். ஏன் அம்மாவோடதுன்னு கேட்டா, இந்த மாதிரி கேஸ்ல அம்மா யாருன்னு தெரியும், அப்பா யாருன்னு எப்பவும் சொல்ல முடியாதேன்னு குரலைத் தாழ்த்திச் சொன்னாங்களாம். எப்படி இருக்கும் அந்தம்மாவுக்கு? 1993ல காங்கிரஸ் கமிட்டி முன்னாடி (நம்ம கட்சி இல்லீங்க, அவங்க பார்லிமெண்ட்டுக்கே அதான் பேரு) போய் இதைச் சொன்னாங்க, எம்புள்ள சென்சஸ்ல வெள்ளை, ஸ்கூல்ல கறுப்பு, வீட்ல கலப்பு, எல்லாம் ஒரே நேரத்துலன்னு.

இவங்க நடத்துனதுதான் புராஜெக்ட் ரேஸ், ஃபார்ம்ல 'கலப்பு'ன்னு தனிக் கட்டம் கேட்டுப் போராடின அமைப்பு. அதுக்கு முன்னாடியே 1988ல ஏ.எம்.இ.ஏ.ன்னு கலப்புக் குடும்பங்களோட சங்கங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வந்துடுச்சு. ரெண்டு பேருக்கும் எதிரி ஒரே ரூல்தான், டைரக்டிவ் 15, அரசாங்க ஃபார்ம்கள்ல இனத்தை எப்படிக் கணக்கெடுக்கணும்னு 1977ல போட்டது, ஒருத்தருக்கு ஒரு இனம்.

சரி, இவங்களுக்கு யாரு கை கொடுத்திருக்கணும்? கறுப்பர் உரிமைக்குப் போராடின என்.ஏ.ஏ.சி.பி.தானேன்னு தோணும். அவங்களே எதிர்த்தாங்க. அவங்களைக் குத்தம் சொல்லவும் எனக்கு மனசு வரல, ஏன்னா அந்த ஃபார்ம்ல வர்ற எண்ணிக்கையை வச்சுத்தான் தொகுதி பிரிக்கறதுல அநியாயம் நடந்துச்சா, வேலைல பாகுபாடு இருக்கான்னு கோர்ட்ல காட்ட முடியும், தனியா 'கலப்பு'ன்னு ஒரு கட்டம் வந்தா கறுப்பர் கணக்குலேர்ந்து எத்தனை பேர் அங்க போவாங்கன்னு பயம். 1996ல டெஸ்ட் பண்ணிப் பாத்தப்ப அந்தக் கட்டத்தைத் தொட்டவங்க ரெண்டு சதவீதத்தைக்கூட தாண்டல, ஆனாலும் பயம் போகல.

கட்டம்னா சும்மா இல்லீங்க. நம்ம ஆளுங்களையே பாருங்க, 1970 சென்சஸ்ல இந்தியாக்காரங்களை வெள்ளைக் கணக்குல சேர்த்துட்டாங்க, அங்க இருந்த இந்தியர் சங்கம் அலைஞ்சு திரிஞ்சு கேட்டுத்தான் 1980ல 'ஏசியன் இண்டியன்'னு தனிக் கட்டம் வந்துச்சு. வெள்ளைன்னு எழுதினா கௌரவம்னு நினைச்சவங்களும் அப்ப இருந்தாங்க, அது வேற கதை.

இப்பதான் கதை சூடு பிடிக்குது. 1997ல நியூட் கிங்ரிச், ரிபப்ளிகன் கட்சிக்காரர், காங்கிரஸ் கீழ்சபையோட சபாநாயகர், கலப்புக் கட்டம் வேணும்னு வந்து நிக்கறாரு. அதே வருஷம் கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸ் மாஸ்டர்ஸ் போட்டியில ஜெயிச்சு, தான் வெறும் கறுப்பர் இல்ல, 'காப்ளினேசியன்'னு, அதாவது வெள்ளை, கறுப்பு, அமெரிக்கப் பழங்குடி, ஆசியன் எல்லாம் கலந்தவர்னு டிவில சொன்னாரு, உடனே கலப்புக் கட்டம் கேட்டு டாம் பெட்ரிங்கற ரிபப்ளிகன் எம்.பி. கொண்டு வந்த மசோதாவுக்கு டைகர் உட்ஸ் மசோதான்னே பேரு. கிங்ரிச்சுக்கு இந்தக் குழந்தைங்க மேல பாசமா? அவரு ஒளிக்கவே இல்ல, கடைசில ஃபார்ம்ல 'அமெரிக்கன்'னு ஒரே கட்டம்தான் இருக்கணும்னாரு. அதாவது இனக் கணக்கே வேணாம், கணக்கு இல்லேன்னா இடஒதுக்கீடு மாதிரி சலுகைக்கும் ஆதாரம் இல்ல. அம்மா கேட்டது பிள்ளைக்கு ஒரு பேரு, இவரு பாத்தது மொத்தக் கணக்கையும் மூடறதுக்கு ஒரு வழி.

கிங்ரிச் மாதிரி ஆளுங்களோட இந்தக் கூட்டு ஏ.எம்.இ.ஏ.வுக்கு உறுத்துச்சு. அவங்க, தனிக் கட்டம் வேணாம், ஒண்ணுக்கு மேல டிக் பண்ண விடுங்க போதும்னு இறங்கி வந்தாங்க, ஜப்பானிய அமெரிக்கர் சங்கமும் அதுக்கு ஆதரவு. கிரஹாம் ஒத்துக்கல. ரெண்டு பேரும் பிரிஞ்சாச்சு. என்னைக் கேட்டா ஏ.எம்.இ.ஏ. செஞ்சதுதான் சரி, ஆனா நான் அந்த போன் கால்ல இருந்தவன் இல்ல.

1997 அக்டோபர்ல அரசாங்கம் முடிவு சொல்லிடுச்சு, ஒண்ணோ அதுக்கு மேலயோ டிக் பண்ணலாம், தனிக் கட்டம் கிடையாது. 2000 சென்சஸ்ல 68 லட்சம் பேர் அப்படிப் பண்ணினாங்க, 2.4 சதவீதம். ஆனா அந்த வருஷம் மார்ச்லயே இன்னொரு உத்தரவு, உரிமைச் சட்ட வழக்குகளுக்கு மட்டும் வெள்ளை ப்ளஸ் கறுப்புன்னு போட்டவங்களைக் கறுப்பர் கணக்குலயே வைக்கணும்னு. என்.ஏ.ஏ.சி.பி. கேட்டது அப்படிக் கிடைச்சுடுச்சு. கிரஹாமோட பிள்ளை ரெண்டு கட்டத்துலயும் டிக் போட்டிருந்தாலும், அந்தக் கணக்குல பழையபடி ஒரே இனம்தான்.