நடுராத்திரிப் பாலும் விடியக்காலைப் பாலும்

(கம்பம் பக்கத்து ஊர் ஒன்றின் அங்கன்வாடியில், ஆகஸ்ட் முதல் வாரம், தாய்ப்பால் வாரத்தில் பேசியது)

அக்காமாரே, தங்கச்சிமாரே, பின்னால் சுவரோரம் சாய்ந்திருக்கும் அப்பத்தாமாரே! விடியுமுன்னே சோறாக்கி, தூக்குவாளியில் கட்டிக்கொண்டு, ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து கம்பம்மெட்டு ஏறி, கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்தில் பொழுதெல்லாம் குனிந்து காய் எடுத்துவிட்டு வருகிற உங்களிடம், ரெண்டு மணிக்கொருதரம் பிள்ளையை மாரில் போடுங்கள் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அதனால் பீச்சி வைக்கிற பாலைப் பற்றியே பேசுகிறேன்.

போன மாதம் ஒரு வீட்டு ஃப்ரிட்ஜில் மூன்று சின்ன எவர்சில்வர் டப்பா பார்த்தேன். எது எப்போது எடுத்தது என்று கேட்டால் பாட்டிக்குத் தெரியவில்லை, கைக்கு வந்ததை எடுத்துச் சங்கில் ஊற்றுகிறார். ரெண்டு மாதப் பிள்ளை பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட விழிப்பு. டப்பா மாறியதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அந்த வயதில் பல பிள்ளைகள் அப்படித்தான். ஆனால் பாலுக்கும் பொழுது உண்டு.

இருட்டினால் நம் உடம்பில் மெலடோனின் என்று ஒன்று ஊறும், தூக்கத்துக்கானது. அது ராப்பாலில் இருக்கும், பகல் பாலில் ஏறக்குறைய இருக்காது. முழிக்க வைக்கிற கார்ட்டிசால் நேர் எதிர், காலைப் பாலில் கூடுதல், சாயங்காலம் ஆக ஆக இறங்கும். பிறந்த பிள்ளைக்குச் சொந்தமாக மெலடோனின் ஒழுங்காக ஊற ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிவிடும். அதுவரை ராத்திரி எது, பகல் எது என்று காட்டிக் கொடுப்பதில் அம்மா பாலுக்கும் பங்கு இருக்கலாம் என்கிறார்கள். கடையில் வாங்கும் டப்பா பால்மாவுக்குக் காலையும் ஒன்றுதான், ராத்திரியும் ஒன்றுதான்.

சரி, நேரம் மாறிக் கொடுத்தால் பாலில் உள்ள நோய் எதிர்ப்பு போய்விடுமா? எல்லாருக்கும் உள்ள பயம் இதுதான். பாலில் இருக்கும் எதிர்ப்புப் பொருட்களில் சில நேரத்துக்கு நேரம் கொஞ்சம் ஏறி இறங்கும், ஆனால் எந்த நேரத்துப் பாலிலும் அவை இல்லாமல் போவதில்லை. சீம்பாலில் ரொம்பச் செறிவு, அப்புறம் அடர்த்தி குறைந்தாலும் வந்துகொண்டே இருக்கும். தோட்டத்து மழையில் உங்களுக்குச் சளி பிடித்தாலும் நிறுத்தாதீர்கள், அந்தக் கிருமியை எதிர்க்க உங்கள் உடம்பு செய்கிற ஆயுதம் பால் வழியாகப் பிள்ளைக்கும் போய்ச் சேரும். நேரம் மாறிவிட்டதே என்று பாலைக் கீழே மட்டும் கொட்டிவிடாதீர்கள், அப்படிக் கொட்டினால்தான் எனக்குக் கோபம் வரும்.

வெளியில் வைத்தால் 4 மணி நேரம், அதுவும் குளிர்ந்த இடத்தில். ஃப்ரிட்ஜ் உள்பக்கம் 4 நாள், கதவில் வேண்டாம். அடுப்பில் வைக்காமல் வெந்நீர்க் கிண்ணத்தில் டப்பாவை நிறுத்திச் சூடு காட்டுங்கள். எழுதத் தெரியாத வீட்டில் டப்பா கழுத்தில் நூல் கட்டுங்கள், பகல் பாலுக்கு வெள்ளை, ராப்பாலுக்குக் கறுப்பு. கறுப்பு கட்டினால் கண்ணேறும் கழியும் என்கிறார் பின்னாலிருந்து ஒரு அப்பத்தா. கழியட்டும் அப்பத்தா, ராத்திரி டப்பாவில்தான் கட்ட வேண்டும்.