கிலோக் கணக்கில ஒரு மலைவீடு

வணக்கம். என்னை இண்டைக்குக் கதைக்கக் கூப்பிட்ட தம்பி போனில ரெண்டு தரம் கேட்டவர், அண்ணை உண்மையாவே மலை உச்சியில சமைச்சனீங்களோ எண்டு. உச்சியில இல்லைத் தம்பி, 2,600 மீற்றரில, உச்சிக்கு அங்காலயும் நாலு மணித்தியாலம் ஏறவேணும். சுவிஸுக்கு வந்த எங்கட ஆக்களில கனபேர் மாதிரி நானும் ஹோட்டல் குசினியிலதான் தொடங்கினனான், கோப்பை கழுவி, பிறகு சலாட் வெட்டி, பிறகு மெல்ல மெல்ல அடுப்படிக்குப் போய், அப்பிடியே 19 வருசம் போட்டுது, அதில முக்காவாசி நிலத்துக்குக் கீழ, யன்னல் இல்லாத குசினியில. ஒருநாள் பேப்பரில ஒரு விளம்பரம், மலைவீட்டுக்குக் கோடைகாலத்துக்குச் சமையல்காரர் தேவையாம். மனுசி சொன்னா, போங்கோ, மூண்டு மாசம் எனக்கும் நிம்மதி எண்டு.

மலைவீடு எண்டா என்னெண்டு தெரியாத ஆக்களுக்குச் சொல்லிவிடுறன். இஞ்சத்தைய ஆக்கள் ஹுட்டே எண்டு சொல்லுவினம். மலையேறுறவை இரவு தங்கிப்போற இடம். சுவிஸ் அல்பைன் கிளப் 1863இல தொடங்கினது, அந்த வருசமே ரோடி எண்ட மலையில முதல் வீட்டையும் கட்டிட்டினம், இப்ப அவையிட்ட 150க்கு மேல இருக்கு. ஹோட்டல் எண்டு நினைச்சுக்கொண்டு போகாதேங்கோ. வரிசையா மெத்தை, கம்பளி, உள்ளுக்குள்ள படுக்கிற மெல்லிய துணிப்பையை, லைனர் எண்டுவினம், நீங்களே கொண்டு போகவேணும், சப்பாத்தை வாசலில கழட்டிப்போட்டு அங்க இருக்கிற செருப்பைப் போடவேணும், இரவு பத்து மணிக்கு லைட் நிண்டிடும், ஏனெண்டா விடிய மூண்டு மணிக்கே ஒரு கூட்டம் எழும்பி மலைக்குப் போகும், அவைக்கு மூண்டு மணிக்கே பாணும் தேத்தண்ணியும் குடுக்கவேணும், குடுக்கிறது யார், நான்தான்.

சரி, சூழலுக்குக் கேடில்லாம மலைவீடு நடத்துறது எப்பிடி எண்டதுதான் இண்டைக்குத் தலைப்பு. எல்லாரும் சோலார் பலகையைப் பற்றித்தான் சொல்லுவன் எண்டு பார்ப்பினம். அது இருக்குத்தான், சுவரில செங்குத்தாப் பூட்டியிருக்கு, அப்பிடியெண்டால்தான் பனி ஒட்டாம வழுக்கி விழும், முன்னால கிடக்கிற பனியில பட்டு வாற வெளிச்சமும் சேரும். ஆனா நான் அங்க படிச்சது சோலார் இல்லை, தராசு.

எங்கட வீட்டுக்கு ரோட்டு இல்லை, கம்பியில சாமான் இழுக்கிற வின்ச் இல்லை, கடைசி பஸ் நிக்கிற இடத்தில இருந்து மூண்டரை மணித்தியால நடை. கனமான சாமான் எல்லாம் ஹெலிகொப்டரிலதான். ஒரு வலைக்குள்ள 700, 800 கிலோ கட்டித் தூக்குவான், காசு நிமிசக் கணக்கு. முதல்நாள் அந்தச் சத்தம் பள்ளத்தாக்கில இருந்து ஏறி வர, நான் என்னையறியாமலே சுவரோட ஒட்டிக் குந்திட்டன். எங்கட வயசு ஆக்களுக்கு அது விளங்கும், சண்டைக்காலத்தில இருந்து எங்களுக்கு ஹெலி எண்டா பங்கர். அங்க வேலை செய்த பெடியன் ஒருத்தன், என்ன நடந்தது எண்டு பதறி ஓடி வந்தான், நான் சப்பாத்து நூல் கட்டுறன் எண்டு சொல்லிப்போட்டு எழும்பினன். வலையை அவிழ்த்தா உள்ளுக்குள்ள வெங்காயமும் காஸ் சிலிண்டரும்.

அந்த வீட்டை நடத்துற அம்மா ரெண்டாம் நாளே என்னைக் கூப்பிட்டு உருளைக்கிழங்கு மூட்டையைக் காட்டினா. இதில அஞ்சில நாலு பங்கு தண்ணி, நான் ஹெலிக்காரனுக்குக் காசு குடுத்துத் தண்ணி தூக்கிறன், உனக்கு ஏதும் யோசனை இருக்கோ எண்டு கேட்டா. எனக்கு உடன பருப்புத்தான் ஞாபகம் வந்தது. பாருங்கோ, 60 பேர் வந்து இருந்தினம் எண்டா மைசூர்ப் பருப்பு நாலு கிலோவும் சொச்சமும் காணும். அதே ஆக்களுக்கு இறைச்சி எண்டா ஒம்பது கிலோ வேணும், அதைப் பழுதாகாம வைக்க பிரிட்ஜ் இராப்பகலா ஓடவேணும், பிரிட்ஜுக்குப் பற்றரி வேணும், மூண்டு நாள் மப்பு எண்டா பற்றரி இறங்கிடும், பிறகு ஜெனரேட்டர், அதுக்கு டீசல், அந்த டீசலும் ஹெலியிலதான் வரவேணும். பருப்பு மூட்டைக்கு அலுமாரி காணும். கிழமையில ரெண்டு நாள் பருப்பும் சோறும் எண்டு போட்டம், வெள்ளைக்காரர் முதல் மூஞ்சையைச் சுருக்கினவை, செத்தல் மிளகாயும் உள்ளியும் தாளிச்சுக் கொட்டின மணத்துக்கு ரெண்டாந்தரம் கோப்பையோட வந்திட்டினம். சீஸ் மட்டும் கீழ மாடு வைச்சிருக்கிற ஆக்களிட்ட வாங்கி முதுகில சுமந்து கொண்டு வருவம், சீஸ் இல்லாட்டி அவைக்கு மலையே இல்லை.

ஒண்டு சொல்ல மறந்திட்டன், அந்த உயரத்தில தண்ணி 91 டிகிரிக்கே கொதிச்சிடும். கொதிக்குது எண்டு நீங்கள் நினைப்பியள், ஆனா சூடு காணாது. முதல் கிழமை கொண்டல் கடலை போட்டு நாலு மணித்தியாலமா அவிச்சன், கல்லு. எவ்வளவு காஸ் வீணாப் போச்சு எண்டு நினைச்சா இப்பவும் வெக்கமா இருக்கு. பிரஷர் குக்கர் இல்லாமப் போகாதேங்கோ, மைசூர்ப் பருப்பு எண்டாத் தப்பலாம்.

இனித் தண்ணி. இதைத்தான் கொஞ்சம் கூட நேரம் எடுத்துச் சொல்லவேணும் எண்டு நினைச்சு வந்தனான். மேல ஒரு பனித்திட்டு இருக்கு, அது உருகி வாற தண்ணி குழாயில வந்து தொட்டியில விழும். ஜூலையில நிரம்பி வழியும். ஆகஸ்ட் நடுவில ஒருநாள் நான் அஞ்சு கிலோ அரிசி கழுவுறன், எங்கட வீட்டில கழுவுற மாதிரி, மூண்டு தரம், தண்ணி தெளியுமட்டும், ஒவ்வொரு தரமும் சிங்கில ஊத்திக்கொண்டு நிக்கிறன். அந்த அம்மா ஒண்டும் பேசேல்லை. வா எண்டு கையைக் காட்டித் தொட்டியடிக்குக் கூட்டிக்கொண்டு போய், விரலை மடக்கித் தகரத்தில மேல இருந்து கீழ தட்டிக்கொண்டே வந்தா. டங், டங், டங்... இடுப்பளவிலயும் டங், முழங்காலுக்குக் கீழ வந்தாப் பிறகுதான் சத்தம் மாறினது. அண்டைக்கு இரவுக்கு 58 பேர் புக்கிங்.

யோசிச்சுப் பாருங்கோ, நான் யாழ்ப்பாணத்தான். எங்கட ஊரில ஆறு எண்டு சொல்ல என்ன கிடக்கு, வழுக்கியாறு, அதுவும் மாரியில மட்டும். எல்லாம் கிணறு, அதிலயும் குடிக்கிற தண்ணிக்கு நல்ல கிணறு ஒழுங்கைக்கு ஒண்டு. எங்கட அம்மம்மா அரிசி கழுவின தண்ணியை மாட்டுக்கு வைப்பா, முகம் கழுவினது வாழைக்குப் போகும், கிணத்தடியில வீணாப் போற தண்ணி எண்டு ஒண்டு இல்லவே இல்லை. அந்த மனுசியின்ர பேரன் இத்தனை வருசம் சுவிஸ் பைப்பைத் திறந்து திறந்து எல்லாத்தையும் மறந்துபோய் நிக்கிறன். அடுத்தநாளில இருந்து அரிசி ஒரு தரம்தான், அந்தத் தண்ணியில பருப்பை ஊறப்போடுறது, காய் கழுவினதில நிலம் துடைக்கிறது. குளிப்பு எண்ட கதையே இல்லை, துவாயை நனைச்சுத் துடைக்கிறதுதான், எனக்கும்தான்.

இது எங்கட ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை. 2022இல மட்டும் சுவிஸ் பனிப்பாறை எல்லாம் சேர்ந்து 6 வீதம் ஐஸை இழந்தது, அடுத்த வருசம் இன்னும் 4 வீதம். அலெற்ஸ் பனியாத்துக்கு மேல கொன்கோர்டியா எண்டு ஒரு வீடு, 1877இல கட்டேக்க பனிக்குக் கொஞ்சம் மேலதான் இருந்தது. இப்ப பனி கீழ இறங்கி இறங்கி, பாறையில 460 படிக்கு மேல இரும்புப் படி வைச்சிருக்கினம், ஐஸில நடந்து வந்து களைச்சுப்போனவன் அதையும் ஏறித்தான் சூப் குடிக்கவேணும். முட்ஹோர்ன் எண்டு இன்னொரு வீடு, மலையை உள்ளுக்குள்ள பிடிச்சுவைச்சிருந்த உறைநிலம் இளகிப் பின்னால பாறை ஆடத் தொடங்கினதால 2021இல பூட்டிட்டினம்.

புதுசாக் கட்டினதெண்டா எல்லாரும் சொல்லுறது மொன்ரே ரோசா வீடு, 2009இல திறந்தது, ஈடிஎச் சூரிச் பல்கலைக்கழக ஆக்கள் சேர்ந்து டிசைன் பண்ணினது, 2,883 மீற்றரில வெள்ளி நிறத்தில பளிங்குக்கல்லு மாதிரி நிக்கும். உருகிற தண்ணியைப் பாறைக்குள்ள தொட்டியில சேர்த்துவைச்சு, கழுவின தண்ணியைச் சுத்தம் செய்து கக்கூசுக்கு விட்டு, தேவையான சக்தியில 90 வீதத்தைத் தானே எடுக்கிறது எண்டு திட்டம். கெட்டித்தனம்தான், இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா அந்த வீட்டைப் பார்க்கவெண்டே நினைச்சதை விடக் கனபேர் ஏறி வந்தினம், போட்ட கணக்கெல்லாம் திணறினது. கலியாண வீட்டில 200 பேருக்குச் சமைச்சு வைக்க 400 பேர் வந்து நிண்டா எப்பிடி இருக்கும், அதுதான்.

கக்கூசைப் பற்றிச் சொல்லாமப் போனா அந்த அம்மா என்னோட கதைக்கமாட்டா. ஊரில பைப் இழுத்துவிடுற மாதிரி அங்க ஏலாது, ஒரு தரம் ஃபிளஷ் பண்ணினா ஆறேழு லீற்றர், 60 பேர், கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கோ. எங்கட வீட்டில தண்ணியில்லாத கக்கூஸ். கீழ ஒரு பெல்ட் சாய்வா இருக்கும், சலம் வழிஞ்சு ஒரு பக்கம் போயிடும், மற்றது பெல்ட்டில நிக்கும், காலால மிதியை மிதிச்சா பெல்ட் நகர்ந்து அதைப் பின்னுக்குக் கொண்டுபோய்க் கொட்டும், அங்க புழு கிடந்து தின்னும். ரெண்டையும் பிரிச்சா மணக்காது, சத்தியமா, எங்கட ஹோட்டல் கக்கூஸ் அதைவிட மணக்கும். மிஞ்சிறதை ட்ரம்மில அடைச்சு, சாமான் இறக்கிப்போட்டு வெறுமனே திரும்பிப் போற ஹெலியில கீழ அனுப்புவம். உங்கட குப்பையை நீங்களே கொண்டு போங்கோ எண்டு வாசலில எழுதியிருக்கிறதுக்கும் இதுதான் காரணம், கீழ போறதும் கிலோதான். ஆனாலும் வாழைப்பழத் தோலைக் கல்லுக்குக் கீழ ஒளிச்சு வைச்சிட்டுப் போற ஆக்கள் இருக்கினம், படிச்ச ஆக்கள், அந்தக் குளிரில அது கன வருசம் உக்காமக் கிடக்கும்.

பிறகு தண்ணிப் போத்தல் சண்டை. ஒருத்தர் வந்து, சூப்பர்மார்க்கெட்டில ஒரு பிராங்குக்குக் குறைவா விக்கிற தண்ணி இஞ்ச பத்தோ எண்டு மேசையில தட்டினார். நான் ஒண்டும் சொல்லேல்லை, அடுத்தநாள் விடிய எல்லாருக்கும் குடுக்கிற மாதிரி அவருக்கும் சும்மா குடுக்கிற தேத்தண்ணியைப் பிளாஸ்கில ஊத்திக் குடுத்தன். உருகின பனியைக் கொதிக்க வைச்சுப் போடுற தேத்தண்ணி, நடந்துபோற ஆக்களுக்கெண்டு பழைய காலத்தில இருந்து வாற வழக்கம். குடிச்சுப்போட்டு என்ன இலை எண்டு கேட்டார். நான் ரெண்டு ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தன்.

செப்டம்பர் கடைசியில வீடு பூட்டுவம். குழாயெல்லாம் சொட்டுத் தண்ணி இல்லாம வடிச்சுவிடவேணும், இல்லாட்டி உறைஞ்சு வெடிச்சிடும், அதுக்கே ஒரு முழு நாள் போகும். ஆனா ஒரு அறை மட்டும் பூட்டுறேல்லை, குளிர்காலத்தில ஸ்கீயில வாறவைக்கெண்டு கம்பளி, அடுப்பு, விறகு, ரெண்டு சட்டி, சுவரில ஒரு காசுப்பெட்டி. ஒரு ஆள் காவலுக்கு இல்லை. ஜூனில திரும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்து அந்த அம்மாவும் நானும் கொப்பியில எழுதியிருந்த பேருகளோட எண்ணிப் பார்த்தம். காசு சரியா இருந்தது, ஒரு சதம் குறையேல்லை. விறகுதான் ரெண்டு கட்டு கூடப் போயிருந்தது.