கார் விற்கிறவர் லெ மான்ஸ் ஜெயிச்சது எப்படி? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். போன பகுதியில பென் கீட்டிங் பேரை ஒரே வரியில சொல்லிட்டுத் தாண்டிப் போயாச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டு ஒரு நேயர் எழுதியிருக்கார். வாசிக்கிறேன்: "டெக்ஸாஸ்ல கார் டீலர்ஷிப் நடத்துற முதலாளி லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸ்ல ரெண்டு தடவை ஜெயிச்சார்னீங்க. பணத்தைக் கட்டி சீட் வாங்கிட்டு, கூட ஓட்டுற தொழில்முறை டிரைவருங்க ஜெயிச்சுக் கொடுக்கிறதுதானே இது? வேலையையும் ரேஸையும் ஒருத்தர் எப்படிச் சேர்த்துப் பார்க்க முடியும்?"

கொஞ்சம் சூடான கேள்விதான், ஆனா நியாயமான கேள்வி. பணம் கட்டுறது உண்மை, அதை மறைக்க வேண்டாம். லெ மான்ஸ்ல பல பிரிவுக் கார்கள் ஒண்ணா ஓடும், ஒவ்வொரு பிரிவுக்கும் தனி வெற்றி. அவர் ஜெயிச்ச ஜிடிஇ ஆம், அதாவது அமெச்சூர்களுக்கான ஸ்போர்ட்ஸ் கார் பிரிவு, 2023 வரைக்கும் அப்படித்தான் ஓடிச்சு. "அவங்க ஜெயிச்சுக் கொடுக்கிறாங்க"ங்கிறீங்களே, அங்கதான் கணக்கு உதைக்குது.

முதல்ல ஆள் யார்னு பார்த்துடுவோம். கீட்டிங் டெக்ஸாஸ்காரர், கார் டீலர்ஷிப் குழுமம் வெச்சிருக்கார். சின்ன வயசுல கோ-கார்ட் ஓட்டி வளர்ந்தவர் இல்லை. மனைவி கிறிஸ்துமஸ் பரிசா ஒரு டிராக் நாள் (ரேஸ் டிராக்ல கார் ஓட்டிப் பார்க்கிற நாள்) வாங்கிக் கொடுத்தாங்க, அங்க ஆரம்பிச்சது. டாட்ஜ் வைப்பர்ங்கிற ஸ்போர்ட்ஸ் கார் விற்கிறதுல பேர் எடுத்தவர், அதே வைப்பர்லதான் 2015ல முதல் தடவையா லெ மான்ஸுக்குப் போனார். 2022ல ஆஸ்டன் மார்ட்டின்ல, ஹென்ரிக்கே சாவெஸ், மார்கோ சோரன்சென் கூட ஜிடிஇ ஆம் பிரிவு வெற்றி. 2023ல கார்வெட்ல, நிக்கி கேட்ஸ்பர்க், நிக்கோலாஸ் வரோனே கூட மறுபடி வெற்றி. அந்த ரெண்டு வருஷமும் லெ மான்ஸையும் சேர்த்து நடக்கிற நீண்ட நேர ரேஸ் தொடரான உலக எண்டியூரன்ஸ் சாம்பியன்ஷிப்ல அந்தப் பிரிவுப் பட்டமும் அவருக்குத்தான். 2023ல அது பத்தாதுன்னு அமெரிக்காவுல இம்சாங்கிற ஸ்போர்ட்ஸ் கார் ரேஸ் தொடர்ல எல்எம்பி2 (ரேஸுக்குன்னே செய்யற கார்கள் ஓடற ஒரு பிரிவு) பட்டமும் வாங்கினார்.

சரி, கணக்குக்கு வருவோம். சர்வதேச மோட்டார் சம்மேளனம் டிரைவர்களை நாலு தரமாப் பிரிக்குது: பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம். வெண்கலம்னா மூணாவது பரிசுன்னு நினைச்சுடாதீங்க. முப்பது வயசுக்கு மேல முதல் லைசென்ஸ் வாங்கி, ஒற்றை இருக்கை கார் அனுபவம் பெருசா இல்லாதவங்கள்லாம் வர்ற தரம் அது. கீட்டிங் வெண்கலம். ஜிடிஇ ஆம் கார்ல அப்போ மூணு பேர்: ஒருத்தர் கட்டாயம் வெண்கலம், இன்னொருத்தர் வெள்ளியோ வெண்கலமோ, மூணாவது ஆள் யாரா வேணா இருக்கலாம்னு விதி இருந்துச்சு. அதாவது ஒரு கார்ல ஒரே ஒரு பெரிய ஆளுக்குத்தான் இடம் இருந்துச்சு. லெ மான்ஸ்ல யாரும் எந்த 6 மணி நேரத்துலயும் 4 மணி நேரத்துக்கு மேல ஓட்டக்கூடாது, மொத்தத்துல 14 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. வெண்கல டிரைவர் குறைஞ்சது 6 மணி நேரம் ஓட்டியே ஆகணும். ஒப்புக்குச் சப்பாணியா ரெண்டு லேப் ஓட்டிட்டு இறங்கிக் கைதட்ட முடியாது.

லெ மான்ஸ் டிராக் ஒரு லேப் 13.6 கிலோமீட்டர். இந்தக் கார்கள் நெரிசல்ல ஒரு லேப் ஏறக்குறைய 4 நிமிஷம்னு வெச்சுக்குங்க. 6 மணி நேரம்னா 90 லேப். தொழில்முறை டிரைவர்களுக்குள்ள வித்தியாசம் நொடியில பத்துல ஒரு பங்கு, ரெண்டு பங்குன்னு இருக்கும். வெண்கல டிரைவர்களுக்குள்ள லேப்புக்கு 2 நொடி வித்தியாசம் சாதாரணம். 90 லேப், லேப்புக்கு 2 நொடி, மொத்தம் 180 நொடி. மூணு நிமிஷம், முக்கால் லேப்! உலகத்துலயே கெட்டிக்கார டிரைவரைப் பக்கத்துல உட்கார வெச்சாலும், எதிர் கார்லயும் அதே மாதிரி ஒருத்தர் இருக்கும்போது அந்த மூணு நிமிஷத்தை அவர் எங்க போய்ப் பிடிப்பார்? இந்த ரேஸைத் தீர்மானிக்கிறது வேலைக்குப் போற ஆளோட ஆறு மணி நேரம்தான்.

நம்ம பழைய நேயர்களுக்கு இது பழகின பல்லவி: வெண்கல டிரைவரோட வேகமான லேப்பைப் பார்க்காதீங்க, மோசமான லேப்பைப் பாருங்க. புது டயர்ல, காலி டிராக்ல ஒரு நல்ல லேப் போட நிறைய பேரால முடியும். முப்பதாவது லேப்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு, பின்னாடி ஹைப்பர்கார் (லெ மான்ஸ்லயே வேகமான பிரிவுக் கார்) விளக்கு கண்ணாடியில அடிக்கும்போது என்ன நேரம் வருதுங்கறதுதான் கேள்வி.

2023ல மொத்தம் 62 கார். ஹைப்பர்கார் 3 நிமிஷம் 27 நொடி வாக்குல சுத்துது, ஜிடிஇ கார் நல்ல லேப்லயே 3 நிமிஷம் 52. லேப்புக்கு 25 நொடி வித்தியாசம், அப்போ ஒவ்வொரு ஹைப்பர்காரும் ஒன்பது பத்து லேப்புக்கு ஒரு தடவை உங்களைத் தாண்டும். ஹைப்பர்கார் மட்டும் 16, அதோட எல்எம்பி2 இன்னும் 24. அனுபவம் குறைஞ்சவர் செய்யற தப்பு என்ன தெரியுமா? மரியாதையா ஒதுங்குறது. ஒதுங்கினா ரேசிங் லைனுக்கு வெளியில கிடக்கிற ரப்பர் துணுக்கு டயர்ல ஒட்டும், அடுத்த ரெண்டு வளைவுக்குப் பிடிப்பு இருக்காது. பின்னாடி வர்றவருக்கும் குழப்பம், இவர் எந்தப் பக்கம் போவார்னு. தன் லைன்லயே நிக்கணும், எந்தப் பக்கம் தாண்டணும்னு வேகமான காரே முடிவு பண்ணிக்கும். லெ மான்ஸ் டிராக்ல இருக்கிற போர்ஷே வளைவுகள்ல திடீர்னு ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா பின்பக்கம் லேசாகி கார் சுத்திடும், சுவர் பக்கத்துலயே இருக்கு.

பிரேக் இன்னொரு சங்கதி. அந்த ஜிடிஇ கார்கள்ல, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்காம தடுக்கிற ஏபிஎஸ் கிடையாது. முதல் அழுத்தம் பலமா, சட்டுனு வரணும். வேகம் குறையக் குறைய காலை மெதுவாத் தளர்த்தணும். புதுசா ஓட்டுறவர் இதைத் தலைகீழாச் செய்வார்: ஆரம்பத்துல பயந்து மெதுவா, கடைசியில பதறிப் பலமா. வேகம் குறைஞ்சா காரை அழுத்துற காத்தும் குறையும், அந்த நேரம் பார்த்துப் பலமா மிதிச்சா முன் டயர் பூட்டிக்கும், ஒரு இடத்துல தேஞ்சு தட்டையாகும். அப்புறம் 250 கிலோமீட்டர் வேகத்துல ஸ்டீயரிங் கடகடன்னு ஆடும். டயர் மாத்த பிட்டுக்குள்ள (காரை நிறுத்தி டயரும் எரிபொருளும் போடற இடம்) வரணும், எப்ப நிறுத்தறதுன்னு போட்ட திட்டமே கெட்டுப் போகும். அதனாலதான் ஒவ்வொரு பயிற்சி முடிஞ்சதும் தொழில்முறை டிரைவரோட பிரேக் அழுத்த வரைபடத்தையும் வெண்கல டிரைவரோட வரைபடத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பார்ப்பாங்க. லேப் நேரத்தை விட அந்தக் கோட்டோட வடிவம்தான் நிறையச் சொல்லும்.

2023 லெ மான்ஸ்ல அந்தக் கார்வெட் ஆரம்பத்துலயே டேம்பர் (அதிர்வு தாங்கி) கோளாறால ரெண்டு லேப் பின்னாடி போச்சு. மீண்டு வந்து ஜெயிச்சாங்க. எல்லாக் கார்லயும் ஒரு பெரிய ஆள் இருக்கிற பிரிவுல, வெண்கல டிரைவர் ஓட்டின நேரம் சொதப்பியிருந்தா அது நடந்திருக்காது. அந்த வருஷம் பிரிவோட போல் பொசிஷன் லேப்பைப் (பிரிவுல முதல் ஆளாக் கிளம்ப இடம் வாங்கித் தர்ற லேப்) போட்டவரும் கீட்டிங்தான்.

வேலை விஷயம் சுருக்கமா. 2023ல உலகத் தொடர்ல ஏழு ரேஸ். லெ மான்ஸ் மட்டும்தான் ஆளை முழுசா முழுங்கும்: ஜூன் 4 ஞாயிறு சோதனை ஓட்டம், புதன் பயிற்சி, வியாழன் ஹைப்பர்போல் (தகுதிச் சுற்றோட கடைசிக் கட்டம்), வெள்ளி ஊர்வலம், 10ஆம் தேதி சனி மாலை 4 மணிக்கு ரேஸ். மத்த ரேஸெல்லாம் கிட்டத்தட்ட ஒரு வாரக் கடைசியோட முடியற சமாசாரம். அமெரிக்க டீலர்ஷிப் குழுமங்கள்ல ஒவ்வொரு கடைக்கும் தனியா ஜெனரல் மேனேஜர் உண்டு, முதலாளி தினமும் கல்லாவுல உட்கார வேண்டியதில்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவருக்கு இந்த வசதி கிடையாது. பின்னாடி பெரிய ரேஸ் அணி முதலாளி ஆன ரோஜர் பென்ஸ்கி பத்தின பகுதியைப் பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், அல்கோவா கம்பெனிக்கு அலுமினியம் வித்துக்கிட்டே ரேஸ் ஓட்டின மனுஷன். 1964 கடைசியில நல்லா ஜெயிச்சுக்கிட்டு இருக்கும்போதே ஹெல்மெட்டைக் கழட்டி வெச்சுட்டு, பிலடெல்பியாவுல ஷெவர்லே டீலர்ஷிப் பக்கம் போயிட்டார். அப்போ தர வரிசையும் இல்லை, வெண்கலத்துக்குன்னு ஒரு இருக்கையும் இல்லை. முழு நேர ஆளுங்களோட நேருக்கு நேர் மோதணும்.

ஆனா நேயரே, நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற. 2019ல கீட்டிங் ஏன் தோத்தார்?

அந்த வருஷம் ஊதா நிற ஃபோர்டு ஜிடி, சொந்த அணி பேர்ல ரேஸுக்குப் பதிவு பண்ணின கார். கூட ஜெரோன் பிளேக்கெமோலன், ஃபெலிப்பே ஃப்ராகா. பிரிவுல முதல் ஆளா கோட்டைத் தாண்டி, மேடையேறிக் கோப்பையும் வாங்கியாச்சு. அப்புறம் சோதனை. எரிபொருள் நிரப்ப 45 நொடியாவது ஆகணும்னு அப்போ விதி, எல்லாக் காருக்கும் சமமா இருக்கட்டும்னு. இவங்களுக்கு ஆனது 44.4. நிறுத்தத்துக்கு 0.6 நொடி லாபம், 23 நிறுத்தம், 13.8 நொடி. அதை நாலால பெருக்கி 55.2 நொடி தண்டனை. ரெண்டாம் இடத்துக்கு இறங்கியாச்சு. இதோட விட்டிருந்தாலும் பரவாயில்லை. டேங்கை அளந்தாங்க: அனுமதி 96 லிட்டர், இருந்தது 96.1. தகுதி நீக்கம்.

100 மில்லி, ஒரு டீ கிளாஸ் அளவு. இந்தக் கார் லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர் போகும்னா, அந்த 100 மில்லிக்கு 200 மீட்டர் போகும். 13.6 கிலோமீட்டர் சுத்துல அதால ஒரு நிறுத்தம் கூட மிச்சமாகாது. ஆனா கொள்ளளவு விதியில "எவ்வளவு லாபம் கிடைச்சது"ன்னு யாரும் கேட்கிறதில்லை, அதிகமா இல்லையான்னு மட்டும்தான் பார்ப்பாங்க.

எப்படி அதிகமாகும்? ரேஸ் கார் டேங்க் தகரப் பெட்டி இல்லை. கடினமான கூட்டுக்குள்ள வளையற ரப்பர் பை. கொள்ளளவைக் குறைக்க அதுக்குள்ள பிளாஸ்டிக் பந்தோ கட்டையோ போட்டு அளவைச் சரிபண்ணுவாங்க. 24 மணி நேரம் சூடு, குலுக்கல், திரும்பத் திரும்ப நிரப்பி வத்தறது, இத்தனைக்கும் நடுவுல பை லேசாத் தளர்ந்து மூலையில நல்லாப் படிஞ்சாலே அளவு கூடிடும். ரேஸுக்கு முன்னாடி அளந்தப்ப சரியா இருந்ததுங்கறது இங்க செல்லாது, முடிஞ்ச பிறகு அளக்கிற அளவுதான் கணக்கு. அதனால 96க்கு உரசி நிக்காம கொஞ்சம் குறைச்சே வைக்கணும். ஒரு பந்து கூடப் போட்டிருந்தா இந்தத் தகுதி நீக்கம் இல்லை. நிரப்புற நேரத் தண்டனையால ரெண்டாம் இடமாவது நின்னிருக்கும். இப்போ அந்த வருஷத்து வெற்றி 56ஆம் எண் போர்ஷே பேர்ல இருக்கு.